கந்தசாமிப் பிள்ளையின் கணக்கும் கீரிமலைக் கார்களும்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் செல்வோர் அங்கு இரண்டு கூட்டங்களைக் காண்பர். ஒன்று, தந்தையை இழந்தோர் கேணியிலும் கடலிலும் தீர்த்தமாடிவிட்டு ஈர வேட்டியோடு நகுலேஸ்வரத்தை நோக்கி நடக்கும் மனிதக் கூட்டம். மற்றையது, அம் மனிதரை இறக்கிவிட்டுத் தெருவின் இரு மருங்கும் வெயிலிற் காய்ந்துகொண்டு நிற்கும் வாகனக் கூட்டம். வண்டில் மாடுகள் பூவரசு நிழலில் அசைபோட்டு நின்ற இடங்களில் இன்று கார்களும் வான்களும் முட்டி மோதி நிற்கின்றன. முதலாவது கூட்டத்தின் துயரையும் நம்பிக்கையையும் எமது இலக்கியம் ஓரளவு பேசியிருக்கிறது. இரண்டாவது கூட்டத்தைப் பற்றியோ அது பேசத் தொடங்கவேயில்லை என்று சொல்லலாம். எமது கதைகளில் கார் வருகிறது; போகிறது; புழுதியைக் கிளப்புகிறது; நல்லவனை ஏற்றாமற் செல்கிறது; கெட்டவனை ஏற்றிச் செல்கிறது. அதை வாங்கியவன் யாரிடம் கடன்பட்டான், மாதம் எவ்வளவு கட்டுகிறான், கட்டாத மாதத்தில் அவன் வீட்டில் என்ன நடந்தது என்பவை கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

கணக்கெழுதுவது இலக்கியத்தின் வேலையா என்று சிலர் கேட்பர். புதுமைப்பித்தனிடம் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். 1943இல் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எப்படித் தொடங்குகிறது? சென்னையின் சந்தியொன்றில் ஒரு மனிதர் நின்றுகொண்டு, டிராமில் ஏறினால் கையில் என்ன மிஞ்சும், பஸ்ஸில் ஏறினால் எதை விட வேண்டும், வெற்றிலையா அரைக்கோப்பைக் காப்பியா என்று மனத்துள் ஐந்தொகை போட்டுக்கொண்டிருக்கிறார். கடவுள் அதற்குப் பிறகுதான் வருகிறார். போக்குவரத்துச் செலவே ஒரு மனிதனின் வர்க்கத்தையும் அவனது நாளின் எல்லையையும் சொல்லிவிடும் என்பதைக் கண்ட கண் அது. அந்தக் கண்ணை நாம் எங்கோ தொலைத்துவிட்டோம்.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் வந்தது. மழை, தனியே நிற்கும் மாணவி, பெரிய கார். அந்தக் கதையிற் கார் வெறும் வாகனமல்ல. வறிய வீட்டுப் பெண் அறியாத ஓர் உலகத்தின் கதவு. அதன் விலை முழுவதையும் அப்பெண்ணே செலுத்துகிறாள். கதைக்கு அது போதும். மேலதிகமாக எதையும் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால், அக்காலத்துக் காருக்கும் இக்காலத்துக் காருக்கும் ஒரு வேறுபாடுண்டு. அன்று கார் பிறனுடையது; ஏழையும் மத்தியதர வர்க்கத்தவனும் அதை வெளியே நின்று பார்த்தனர். இன்று மத்தியதர வர்க்கத்தவன் உள்ளே அமர்ந்திருக்கிறான். ஆசிரியர், எழுதுவினைஞர், வெளிநாட்டுச் சகோதரனின் பணத்தை எதிர்பார்த்திருப்பவர், ஏன், முற்போக்காளராகிய எம்மிலும் பலர் உள்ளே அமர்ந்திருக்கிறோம். வெளியே நின்று எழுதிய இலக்கியத்தைக் கொண்டு உள்ளேயிருப்பவனின் நிலையை அளக்க முடியாது.

மேல்நாட்டில் இதனை முன்னரே கண்டவர்கள் உண்டு. சோவியத் எழுத்தாளர் இலியா எரன்பர்க் 1929இல் மோட்டார் வண்டியின் வாழ்க்கை வரலாறாகவே ஒரு நூலை எழுதினார். கதாநாயகன் மனிதனல்லன், கார். தொழிற்சாலையில் ஓயாது நகரும் பட்டியின் முன் நிற்கும் தொழிலாளியும், ரப்பர்த் தோட்டத்துக் கூலியும், எண்ணெய்க் கம்பனிகளின் போட்டியும், பங்குச் சந்தையின் வெறியும் அந்த ஒரு பண்டத்துள் எவ்வாறு ஒடுங்கிக் கிடக்கின்றன என்பதை அவர் விரித்துக் காட்டினார். மலாயாவின் ரப்பர் எமக்கு அந்நியமானதன்று. அங்கு பால் வெட்டியவருட் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர். அதே நாட்டின் புகையிரத நிலையங்களிலும் கந்தோர்களிலும் பேனா பிடித்தவருட் பலர் யாழ்ப்பாணத்தவர். அந்தப் பென்சன் காசில் எழுந்த கல்வீடுகள் வலிகாமத்தில் இன்றும் நிற்கின்றன. எரன்பர்க் எழுதாமல் விட்ட அத்தியாயம் ஒன்று எமது முற்றத்திலேயே கிடந்தது. நாமும் அதை எழுதவில்லை. ஸ்டைன்பெக் 1939இல் எழுதிய ‘கோபத்தின் கனிகள்’ நாவலில், நிலமிழந்த குடியானவர்களுக்கு ஓட்டை வண்டிகளைத் தலையிற் கட்டும் தரகர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நிலத்தைப் பறித்த வங்கியும் வண்டியை விற்ற தரகனும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

எரன்பர்க் தொழிற்சாலையிலிருந்து கணக்கைத் தொடங்கினார். நாம் வாங்குபவனின் வீட்டிலிருந்து தொடங்குவோம். கீரிமலையில் வசித்துச் சுன்னாகத்தில் கற்பிக்கும் ஓர் ஆசிரியரைக் கற்பனை செய்துகொள்வோம். பாடசாலைக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். கோயில், கலியாணம், ஆஸ்பத்திரி, பட்டினம் எல்லாம் சேர்த்து ஆண்டொன்றுக்கு 6,000 கிலோமீற்றர் ஓடுகிறார். மனைவியின் நகையை விற்று முற்பணம் கட்டியாயிற்று. மீதி 20 இலட்சத்தை நூற்றுக்கு 15 வட்டியில் ஐந்தாண்டுத் தவணைக்குப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 47,580 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் அவர் கட்டியது இருபத்தெட்டரை இலட்சத்துக்கும் அதிகம். அதில் எட்டரை இலட்சம் வட்டி. ஆண்டுக்கு 500 லீற்றர் பெற்றோல், லீற்றர் 300 ரூபாய்ப்படி ஒன்றரை இலட்சம். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ஒயில், ரயர், பற்றறி எல்லாவற்றுக்கும் ஓர் இலட்சம் என்று சிக்கனமாகவே போடுவோம். ஆண்டுச் செலவு எட்டு இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேல்.

இனி, இதனைப் பணத்தில் அளவாது காலத்தில் அளந்து பாருங்கள். ஆசிரியருக்கு மாதம் 80,000 ரூபாய் கிடைக்கிறது, அதற்காக அவர் 160 மணி நேரம் உழைக்கிறார் என்று கொண்டால், அவருடைய ஒரு மணி நேரத்தின் விலை 500 ரூபாய். காருக்காக அவர் ஆண்டுதோறும் 1,640 மணி நேரம் கற்பிக்கிறார். மணிக்கு 25 கிலோமீற்றர் வீதம் 240 மணி நேரம் காரை ஓட்டுகிறார். இரண்டையும் கூட்டி 6,000 கிலோமீற்றரை அதனால் வகுத்தால், இவர் மணிக்கு 3 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான வேகத்தில் பயணம் செய்கிறார் என்பது தெரியவரும். மாவிட்டபுரத்துச் சந்தியால் அசைந்து வந்த வண்டில் மாட்டின் வேகம் இதுதான்.

இந்த முறையைக் கண்டறிந்தவர்கள் நாமல்லர். 1970களின் முற்பகுதியில் இவான் இலிச் அமெரிக்கருக்கு இக்கணக்கைப் போட்டுக் காட்டினார். சராசரி அமெரிக்கன் காரை ஓட்டவும், நிறுத்தவும், அதற்கான பணத்தை உழைக்கவும் ஆண்டுக்கு 1,600 மணி நேரத்தைக் கொடுத்து 7,500 மைல் செல்கிறான். மணிக்கு ஐந்து மைலும் இல்லை என்பது அவரது முடிவு. செல்வம் கொழித்த நாட்டின் கணக்கும் எமது ஆசிரியரின் கணக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு மணி நேரத்தில் வந்து நிற்பது தற்செயல்தான். ஆயினும் அமெரிக்கன் அந்த நேரத்தில் எம்மவரைப் போல் இரட்டிப்புத் தூரம் போனான் என்பது தற்செயலன்று.

இக்கணக்கில் ஆட்சேபத்துக்கு இடமுண்டு. ஐந்தாம் ஆண்டின் முடிவில் வண்டி மிஞ்சும். அதற்கு விலையும் உண்டு. நாம் முற்பணத்தையும் சேர்க்கவில்லை. ஆகவே ஒன்றுக்கொன்று ஈடாகட்டும். பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தைச் சேர்க்கவில்லையே என்பது வலுவான ஆட்சேபம். அதற்குப் பின்னர் வருவோம்.

வட்டியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எமது கணக்கில், கட்டக் கட்டக் குறையும் முதலுக்கே வட்டி போட்டோம். தரகன் வாயில் வருவது பெரும்பாலும் வேறொரு வட்டி. “ஆண்டுக்குப் பத்து வீதந்தான் ஐயா” என்பான். 20 இலட்சத்துக்குப் பத்து வீதம் 2 இலட்சம். ஐந்தாண்டுக்கு 10 இலட்சம். மொத்தம் 30 இலட்சம். அறுபதால் வகுத்தால் மாதம் 50,000. பத்து வீதம் என்று சொன்னவனின் தவணை, பதினைந்து வீதத்தின் தவணையை விஞ்சிவிட்டது! ஏனெனில், முதலில் முக்காற் பங்கைத் திருப்பிக் கட்டிவிட்ட பின்னரும் முழு முதலுக்குமே வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. முறைப்படி கணித்தால் அது ஆண்டுக்குப் பதினேழு வீதத்துக்கு மேல். எமது பாடசாலைகளிற் கூட்டுவட்டி கற்பிக்கிறோம். கற்பித்த ஆசிரியரே இந்தப் பத்திரத்திற் கையெழுத்திடுகிறார்.

வாகனப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் அதில் உரிமையாளருக்கு இரண்டு இடங்கள் இருப்பதைக் கண்டிருப்பர். ஒன்றில் ஆசிரியரின் பெயர். அவர் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர். மற்றையதிற் கம்பனியின் பெயர். முழு உரிமையாளர் அதுவே. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இந்த உறவுக்கு உருக் கொடுத்தது. தமிழில் அதைக் குத்தகை என்கிறோம். சனங்கள் லீசிங் என்கின்றனர். சனங்களின் சொல்லே மேல். குத்தகைக்காரன் என்றால் நிலம் தன்னுடையதல்ல என்று அறிந்து உழுபவன். லீசிங்காரனோ தன்னுடையது என்று எண்ணி ஓட்டுபவன். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் ஒற்றி என்றொரு முறை இருக்கிறது. கடன் கொடுத்தவன் நிலத்தின் விளைவை அனுபவிப்பான். அதுவே வட்டிக்கு ஈடு. அது சுரண்டலே, ஆனாற் கண்ணுக்குத் தெரிந்த சுரண்டல். தென்னையில் ஏறித் தேங்காய் பறிப்பவன் யாரென்று ஊருக்குத் தெரியும். தவணைக் காரில் விளைவைப் பறிப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கதவைத் திறந்து இறங்கும் கடனாளியே செல்வந்தனாகத் தெரிகிறான். எமது எழுத்தாளர்கள் ஒற்றிக்காரனை அறிவார்கள். வட்டிக்காரனை எத்தனையோ கதைகளிற் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். குளிரூட்டிய அறையிலிருந்து புன்னகையோடு பத்திரத்தை நீட்டுபவனை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

அரசின் பங்கைச் சொல்லாது விடலாகாது. அந்நியச் செலாவணி முட்டுப்பட்டபோது, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. திறந்த கதவில் வரிசையாக வரிகள் நின்றன: நூற்றுக்கு 20 சுங்கத் தீர்வை, அதன்மேல் அத்தீர்வையின் அரைவாசி மேலதிகக் கட்டணம், எல்லாவற்றிலும் கனத்ததான உற்பத்தி வரி, விலை கூடிய வண்டியாயின் ஆடம்பர வரி, இவை சேர்ந்த தொகையின் மீது நூற்றுக்கு 18 பெறுமதி சேர் வரி. காரின் அசல் விலையை வரி விழுங்கித் தானே பெரிய விலையாகி விடுகிறது. கார் ஆடம்பரம், ஆகவே வரி என்பர். நல்லது. ஆனால், பாராளுமன்ற உறுப்பினருக்கும் உயர் அதிகாரிக்கும் பல்லாண்டுகளாகத் தீர்வைச் சலுகைப் பத்திரம் வழங்கிய அரசுகள் இவைதாமே? ஆடம்பரம் என்பது ஆளைப் பொறுத்ததாயிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நடந்த விந்தையோ இன்னும் பெரிது. புதிய வண்டி வராமையால் பழைய வண்டியின் விலை ஏறியது. ஓடித் தேய்ந்த கார் வாங்கிய விலைக்கு மேல் விலைபோயிற்று. காரும் தங்கமும் ஒன்று என்ற நம்பிக்கை மத்தியதர வர்க்கத்தின் மனத்தில் அக்காலத்தில் ஊன்றியது. தட்டுப்பாட்டின் விலையைச் செல்வமென்று மயங்கியவர்கள், கதவு திறந்த பின்னும் அதே மயக்கத்தில் தவணைப் பத்திரங்களில் ஒப்பமிட்டனர்.

இவ்வளவும் சொன்ன பின், காரை விரும்புவது வெறும் பகட்டு என்று முடித்துவிட்டால் எமது விமர்சனம் பாதியாகும். பாதி மட்டுமல்ல, அநீதியுமாகும்.

கீரிமலைக்குப் போகும் வழியில் மாவிட்டபுரம் இருக்கிறது. ஆடி அமாவாசையன்று அக்கோயில் முருகனும் தீர்த்தமாடக் கீரிமலைக்கே வருவார். 1968இல் அக்கோயிலின் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரி அமர்ந்தனர். எதிர்த்து நின்றோருக்கு முன்னாள் மந்திரி சி. சுந்தரலிங்கம் தலைமை தாங்கினார். அந்தப் போராட்டத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் பிறயன் பவன்பேகர், யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு ஒருகாலத்தில் விதிக்கப்பட்டிருந்த தடைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். கோயில், கிணறு, தேநீர்க்கடை ஆகியவற்றை எவரும் அறிவர். அதே பட்டியலில், பஸ் ஆசனத்தில் இருத்தல், வாடகைக் காரில் ஏறுதல், சைக்கிளோ காரோ சொந்தமாக வைத்திருத்தல் ஆகியனவும் உள்ளன. சில்லின் மீது ஏறுவதே சாதியின் அனுமதியை வேண்டி நின்ற ஊர் இது. பஸ்ஸின் தட்டில் குந்திப் பயணம் செய்தவரின் பேரன் இன்று தவணைக்குக் கார் எடுத்து மாவிட்டபுரத்துச் சந்தியால் ஓட்டிச் செல்வானாயின், அதை நுகர்வு மோகம் என்று ஏளனம் செய்ய எமக்கு என்ன தகுதி? அந்த 47,580 ரூபாயில் ஒரு பங்கு தலை நிமிர்வுக்குக் கட்டும் காசு. நாம் கேட்க வேண்டியது வேறு கேள்வி. தலை நிமிர்ந்து போகும் உரிமையைச் சமூகம் கொடுக்க மறுத்தது. அதையே கம்பனி தவணைக்கு விற்கிறது. போராடிப் பெற்ற ஒன்றுக்கு இவன் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

இந்த நாட்டில் வேறொரு வழி தோன்றியதுண்டு. 1958 ஜனவரி முதலாம் தேதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபமில்லாத ஊர்த் தெருவிலும் பஸ் ஓட வேண்டும் என்பது அதன் அடிப்படை. குறைகள் இருந்தன, ஊழலும் இருந்தது. ஆயினும், 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடங்கொடுத்தபோது, இலாபமுள்ள தெரு தனியாருக்கும் இலாபமற்ற நேரம் பயணிக்கும் என்றாயிற்று. வடக்கில் யுத்தம் மிச்சத்தை முடித்து வைத்தது. 1990இற் காங்கேசன்துறைக்கு ரயில் நின்றது. அது திரும்பி வர 2015 ஆயிற்று. ஆகவே, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தைக் கணக்கிற் சேர்க்கவில்லையே என்று கேட்டவருக்கு எமது விடை இதுதான்: அந்த நேரத்தையும் காரின் விலையிலேயே சேருங்கள். பஸ் வராமையே காரை விற்கும் மிகச் சிறந்த தரகன்.

யாழ்ப்பாணத்துக் காருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதை நினையாது இக்கட்டுரையை எழுத மனம் வரவில்லை. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபின், மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் எம்மவர் பிள்ளைபோல் பேணினர். 1990இற் பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் அற்றுப்போயிற்று. அப்போது அந்தக் கிழட்டு வண்டிகளே ஓடின. அமுக்கம் குறைந்த பழைய என்ஜின் ஆகையால், சில துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்துவிட்டால் பிறகு மண்ணெண்ணெயில் இழுத்துக்கொண்டு போகும். புகையும் நாற்றமும் சொல்லி முடியாது. ஆனால், நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் அதிற்றான் ஆஸ்பத்திரிக்குப் போயினர். ஒரு போத்தல் எண்ணெய்க்கு எத்தனை மைல், அந்த மைல் யாருக்காக என்பதை ஓட்டியவனும் அறிவான், ஊரும் அறியும். கார் அப்போதும் தனியுடைமைதான். எனினும் அதன் செலவு ஊருக்கு முன்னால் நடந்தது. கீரிமலைத் தெருவில் அக்காலத்தில் அந்த வண்டிகளும் இல்லை. 1990இல் வலிகாமம் வடக்கின் சனங்கள் இடம்பெயர்ந்தனர். பின்னர் அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. நகுலேஸ்வரமும் குண்டுக்கு இலக்காயிற்று.

காரில்லாதவன் காருக்குக் கொடுக்கும் விலையை 2022இற் கண்டோம். அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 யூனில் 470 ஆயிற்று. பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். ஆளுக்கு அல்ல, வண்டிக்கே பங்கீடு. வண்டி இல்லாதவனுக்குப் பங்கே இல்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வடக்கின் கரையோர மீனவரின் வெளியிணைப்பு என்ஜின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. நாட்டின் டொலரில் ஒரு பகுதியைப் பல ஆண்டுகளாகக் காருக்கும் பெற்றோலுக்கும் செலவிட்டவர் ஒருசாரார். டொலர் தீர்ந்தபோது வள்ளத்தைக் கரையில் ஏற்றியவர் வேறொருசாரார். அதே மாதங்களில், வரிசையில் இரண்டு நாள் அசையாது நின்ற காருக்கும் தவணைத் திகதி தவறாமல் வந்தது.

இவற்றுள் எத்தனை கதைகள் இருக்கின்றன! அந்தியேட்டிக்காகக் கீரிமலைக்கு வரும் வறிய குடும்பத்தைப் பாருங்கள். முப்பத்தோராம் நாள் சாம்பலைக் கரைக்க வான் பிடித்துத்தான் வரவேண்டும். கிரியைக்கான பொருள்களோடும் வயோதிபரோடும் மூன்று பஸ் மாறி வர முடியாது. வாடகையைக் கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். கிரியை முடியும்வரை மடத்துக்கு வெளியே, வானின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாரதி படுத்திருக்கிறான். வானும் தவணைக்கு எடுத்ததுதான். அன்று கிடைத்த வாடகையில் எவ்வளவு எண்ணெய்க்கு, எவ்வளவு ரயருக்கு, எவ்வளவு முழு உரிமையாளருக்கு, மிச்சத்தில் வீட்டுக்கு அரிசியா பிள்ளைக்கு மருந்தா என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.